லோஷன் பேஸ் வாங்குபவர்களுக்கு: திரிந்துபோன கேனும் பொருந்தாத சான்றிதழும்

ரெடிமேட் லோஷன் பேஸ் வாங்கி, வாசனை சேர்த்து, சொந்த லேபிள் ஒட்டி விற்கும் சிறுதொழில்காரர்களுக்காக இதை எழுதுகிறோம். கெட்டுப்போன பேஸை விற்றவரின் பெயர் இங்கே இல்லை. இதே வேலையை வேறு பெயரிலும் செய்வார்கள் என்பதால், ஏமாற்று எந்த வழியாக வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

வாங்கியது 5 லிட்டர் கேன் இரண்டு. கேனின் முகப்பில் இருந்த வாசகங்கள்: "இயற்கையானது, கெமிக்கல் இல்லாதது, ஷியா பட்டர் நிறைந்தது, எந்த எசென்ஷியல் ஆயிலும் 10 சதவீதம் வரை சேர்க்கலாம்." கூடவே ஒரு பக்கத்தில் சோதனைச் சான்றிதழ். முதல் கேனில் 1 சதவீதம் வாசனை எண்ணெய் கலந்து பாட்டில்களில் நிரப்பியாயிற்று. இரண்டாவது கேன் சீல் உடைக்காமல் அலமாரியில் இருந்தது. மூன்றாவது வாரம் பாட்டில்களின் அடியில் தண்ணீர் தனியாக நின்றது. மேலே பால் திரிந்தது போலக் கட்டி கட்டியாக மிதந்தது. இரண்டு பாட்டில்களில் மூடியின் உட்புறம் கறுப்புப் புள்ளிகள். புகார் சொன்னதும் வந்த பதில்: "உங்கள் வாசனை எண்ணெய்தான் பேஸை உடைத்திருக்கிறது."

இந்தத் தொழிலில் மோசமான பேஸ் விற்கிறவருக்கு இதைவிட நல்ல கேடயம் கிடையாது. வாங்கியவர் ஒரு சொட்டு எதையாவது சேர்த்துவிட்டால், பிறகு எது கெட்டாலும் அந்தச் சொட்டின் தலையில் கட்டிவிடலாம். இங்கே கைகொடுத்தது சீல் உடைக்காத அந்தக் கேன்தான். திறந்து பார்த்தால் அதிலும் அதே தண்ணீர், கூடவே புளித்த வாடை. படம் எடுத்து அனுப்பியதும் பேச்சு மாறியது: "இயற்கைப் பொருள் பிரியத்தான் செய்யும், குலுக்கிப் பயன்படுத்துங்கள்." அதற்கும் மடங்காதபோது, "சீல் உடைத்த கேனைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று கைவிரித்துவிட்டார்கள். சீலை உடைக்காமல் உள்ளே கெட்டிருப்பதை எப்படிக் காட்டுவதாம்!

பிரியத்தான் செய்யும் என்பது பொய். லோஷன் என்பது பெரும்பாலும் தண்ணீர். சாதாரணமாக 65 முதல் 80 சதவீதம் வரை. அதில் எண்ணெயை நுண்துளிகளாக நிறுத்தி வைப்பது எமல்சிஃபையரின் வேலை. அளவும் வகையும் சரியாக இருந்தால் அது ஒரு வருடம் அசையாமல் நிற்கும், எண்ணெய் செடியிலிருந்து வந்திருந்தாலும் சரி. மூன்று வாரத்தில் பிரிந்தால் ஒன்று எமல்சிஃபையர் போதவில்லை, அல்லது வழியில் உறைந்தோ கொதித்தோ போயிருக்கிறது, அல்லது கெட்டிப்படுத்தி தளர்ந்துவிட்டது, அல்லது உள்ளே கிருமி வளர்ந்து எல்லாவற்றையும் தின்றுகொண்டிருக்கிறது. இந்தக் கேனில் கடைசி இரண்டும் சேர்ந்திருந்தன. அதற்கான தடயம் முழுக்க, கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த மூலப்பொருள் பட்டியலிலேயே இருந்தது. வாங்குமுன் யாரும் படிக்காத பட்டியல்.

அதைப் படிக்க ஒரு விதி தெரிந்தால் போதும். மூலப்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி எழுதப்படும். ஆனால் 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே பட்டியலில் அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கிருமி வளராமல் தடுக்கப் போடும் பிரிசர்வேடிவ்தான் அதற்கு அடையாளக் கல். ஃபினாக்சிஎத்தனாலுக்கு ஐரோப்பிய விதிகளில் உச்ச வரம்பே 1 சதவீதம். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் இரண்டும் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் போடப்படும். இவற்றில் ஒன்றுக்குப் பிறகு வரும் பெயர் எதுவாக இருந்தாலும் அதன் அளவு 1 சதவீதத்தைத் தாண்டாது. இந்தக் கேனில் "நிறைந்திருந்த" ஷியா பட்டர், சோடியம் பென்சோயேட்டுக்கு இரண்டு பெயர் தள்ளி உட்கார்ந்திருந்தது. முகப்பில் சொன்ன "கெமிக்கல் இல்லாதது" என்ற பேச்சும் அதோடு முடிந்தது. பிரிசர்வேடிவ் இருப்பது குற்றமே அல்ல. இவ்வளவு தண்ணீர் உள்ள பொருளில் அது இல்லாவிட்டால்தான் ஓட வேண்டும். வைட்டமின் ஈ இருக்கிறதே என்று சமாதானம் சொல்பவரிடமும் வாங்க வேண்டாம். அது எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கும், பூஞ்சையையும் பாக்டீரியாவையும் ஒன்றும் செய்யாது.

இனி விஷயத்தின் கரு. பட்டியலில் கெட்டிப்படுத்தியாக கார்போமர், பிரிசர்வேடிவாக சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும். இவை ஒரே கேனில் இருப்பதைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும். அந்த இரண்டு உப்புகளும் கிருமியைத் தடுப்பது அமில நிலையில் மட்டும்தான். அமிலத்தன்மையைக் காட்டும் எண்தான் பிஎச், அது குறையக் குறைய அமிலம் அதிகம். பிஎச் 5-இல், சார்பேட்டிலிருந்து வரும் சார்பிக் அமிலத்தில் ஏறத்தாழ 37 சதவீதமும் பென்சோயேட்டிலிருந்து வரும் பென்சாயிக் அமிலத்தில் 14 சதவீதமும் வேலை செய்யும் வடிவில் இருக்கும். பிஎச் 6-இல் அது 5 சதவீதமும் 2 சதவீதத்துக்குக் குறைவாகவும் இறங்கும். பிஎச் 7-இல் இரண்டுமே 1 சதவீதத்தைக்கூடத் தொடாது. பெயர் பட்டியலில் இருக்கும், காவல் இருக்காது. சரி, அமிலம் சேர்த்து பிஎச்சை இறக்கலாமே என்றால், கார்போமர் இடம் கொடுக்காது. 5-க்குக் கீழே போகப் போக அது இளகிவிடும். போதாததற்கு உப்பு பட்டாலும் இளகும். அந்தப் பிரிசர்வேடிவ்கள் இரண்டுமே உப்புகள். லோஷன் கெட்டியாகத் தெரிய வேண்டும் என்று பிஎச்சை மேலே விட்டுவிட்டு, கிருமியை அதன் போக்கில் விட்டிருக்கிறார்கள். சான்றிதழில் பிஎச் 5.5 என்று அச்சாகியிருந்தது. பிஎச்சை நிறத்தில் காட்டும் தாள் ஸ்ட்ரிப்பில் பார்த்தபோது 7-ஐ ஒட்டி நின்றது.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். 1 கிராம் லோஷனை 9 கிராம் டிஸ்டில்டு தண்ணீரில் நன்றாகக் கரைத்து அதில் ஸ்ட்ரிப்பை நனைக்க வேண்டும். லோஷனில் நேரடியாக வைத்தால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடித்து ஏமாற்றும். 1 முதல் 14 வரை காட்டும் அகல வீச்சு ஸ்ட்ரிப் இதற்கு உதவாது. 4 முதல் 7 வரை அரை அரைப் புள்ளியாகக் காட்டுவதை வாங்குங்கள். தோலில் தங்கும் லோஷனுக்கு 4.5 முதல் 6 வரை சரி. ஆனால் எந்த பிரிசர்வேடிவ் என்று பார்த்துத்தான் அந்த எண்ணை மதிப்பிட வேண்டும். ஃபினாக்சிஎத்தனால் அடிப்படையிலான பேஸ் பிஎச் 6-இலும் தாங்கும். சார்பேட்டையும் பென்சோயேட்டையும் மட்டும் நம்பிய பேஸ் தாங்காது.

சான்றிதழ் விஷயம் இன்னும் கேவலம். அதில் இருந்த பேட்ச் நம்பரும் கேனில் ஒட்டியிருந்த பேட்ச் நம்பரும் வேறு. தயாரிப்புத் தேதி கேனில் எங்கேயும் இல்லை. "வாங்கிய நாளிலிருந்து 12 மாதம்" என்று மட்டும் இருந்தது. ஆயுள் என்பது தயாரித்த நாளிலிருந்து கணக்கிட வேண்டியது. இப்படி எழுதியிருந்தால், பெரிய டிரம்மில் வாங்கி, சின்னக் கேனில் ஊற்றி, சொந்த லேபிள் ஒட்டி விற்கும் இடைத்தரகர் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். ஊற்றி மாற்றும் கை, புனல், கேன் எதன் சுத்தத்துக்கும் அந்தச் சான்றிதழ் பொறுப்பேற்காது. சான்றிதழில் பார்க்க வேண்டியவை: உங்கள் கேனின் அதே பேட்ச் நம்பர், தயாரிப்புத் தேதி, பிஎச், பாகுநிலை, கிருமி எண்ணிக்கை. ஐஎஸ்ஓ 17516 என்ற சர்வதேசத் தரத்தின்படி பொதுவான அழகுப் பொருளில் ஒரு கிராமுக்கு 1000 வரையும், கண்ணைச் சுற்றிப் பூசுவதிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானதிலும் 100 வரையும்தான் கிருமி எண்ணிக்கை இருக்கலாம். ஈ.கோலை, சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா அல்பிகன்ஸ் நான்கும் அறவே இருக்கக் கூடாது.

இதோடு இன்னொரு தாளையும் கேளுங்கள்: பிரிசர்வேடிவ் திறன் சோதனை. லோஷனில் வேண்டுமென்றே கிருமியை விட்டு 28 நாள் கவனிக்கும் சோதனை அது. ஐஎஸ்ஓ 11930 என்று எண் போட்டிருக்கும். நல்ல தயாரிப்பாளரிடம் இது கையில் இருக்கும். "அது கம்பெனி ரகசியம்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். செய்முறைதான் ரகசியம், சோதனை முடிவு எப்படி ரகசியமாகும்?

எடையையும் பார்த்துவிடுங்கள். லிட்டர் கணக்கில் விற்ற அந்தக் கேன்களில் ஒன்று, வெற்றுக் கேன் எடையைக் கழித்தால் 4.3 கிலோதான் வந்தது. சாதாரண லோஷன் ஒரு மில்லிக்கு ஒரு கிராமை ஒட்டி நிற்கும். காற்றடித்துப் பொங்க வைத்த பேஸ், வாசனை கலந்து கிளறும்போதே அமுங்கும். கழுத்து வரை நிரப்பிய பாட்டில் இரண்டு நாளில் தோள்பட்டைக்கு இறங்கி நிற்கும். கிலோ கணக்கில் மட்டும் வாங்குங்கள்.

"10 சதவீதம் வரை எசென்ஷியல் ஆயில்" என்ற வாக்குறுதி ஆபத்தானது, சும்மா விளம்பர மிகை என்று தள்ள முடியாது. உடலில் பூசித் தங்கும் லோஷனுக்கு 0.5 முதல் 1 சதவீதம் போதும், அதாவது 1 கிலோ பேஸுக்கு 5 முதல் 10 கிராம். முகத்துக்கு அதிலும் குறைவு. 10 சதவீதம் என்றால் தோல் எரியும், எமல்ஷனும், அதாவது எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து நிற்கும் கலவையும், உடையும். வாசனை எண்ணெய்க்கு விற்பவரிடம் இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் அமைப்பு) சான்று கேட்டு, உடல் லோஷனுக்கு 5ஏ, முகத்துக்கு 5பி, கைக்கு 5சி என்ற வரிசையில் இருக்கும் உச்ச அளவைப் பாருங்கள். பேஸ் விற்பவர் "மொத்தம் 3 சதவீதம் சேர்க்கலாம்" என்றால் வாசனை, வைட்டமின் ஈ, நிறம் எல்லாம் சேர்த்தே 3. கற்றாழைச் சாறு, தேன், மூலிகைப் பொடி, பன்னீர் எதையும் ரெடிமேட் பேஸில் கலக்காதீர்கள். 1 சதவீதம் ஃபினாக்சிஎத்தனால் உள்ள 1 கிலோ பேஸில் 200 கிராம் கற்றாழைச் சாறு ஊற்றினால் பிரிசர்வேடிவ் 0.83 சதவீதமாகக் குறைகிறது. கிருமியும் அதற்குத் தீனியும் புதிதாக உள்ளே வருகின்றன. பிஎச்சும் நகரலாம். அதற்குப் பிறகு விற்றவர் உங்கள் மேல் பழி போட்டால் அது நியாயமான பழி.

முதல் ஆர்டர் சாம்பிளாக 500 கிராம் இருக்கட்டும். வந்தவுடன் எதுவும் சேர்க்காமல் 50 கிராம் வீதம் நான்கு கண்ணாடிக் குப்பிகளில் எடுத்து வையுங்கள். கரண்டியும் குப்பியும் 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். ஒன்று அறைச் சூட்டில். ஒன்று 45 டிகிரி செல்சியஸில். சூட்டில் கொஞ்சம் இளகுவது இயல்பு, ஆறியதும் பழைய கெட்டிக்கு வராவிட்டாலோ ஒரு வாரத்தில் தண்ணீர் விட்டாலோ வேண்டாம். மூன்றாவது, 24 மணி நேரம் ஃப்ரீசரிலும் 24 மணி நேரம் வெளியிலுமாக மூன்று சுற்று. இதில் சில நல்ல பேஸ்கள்கூடத் தோற்கும், அதனால் இதை வைத்து மட்டும் தள்ளாதீர்கள். வழியில் உறைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான். நான்காவதில் மட்டும் உங்கள் வாசனையை உங்கள் அளவிலேயே கலந்து மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். சேர்க்காதது நின்று, சேர்த்தது உடைந்தால் தவறு வாசனையில். இரண்டும் உடைந்தால் விற்றவருக்குச் சாக்கு இல்லை. கண்ணுக்கு நன்றாக இருப்பது கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகாது. விற்கப்போகும் கலவையை ஒரு முறையாவது ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

இப்படிப்பட்ட கேன் ஏற்கெனவே கையில் இருந்தால், மேலே கொஞ்சம் பிரிசர்வேடிவ் ஊற்றிச் சரிசெய்யும் எண்ணம் வேண்டாம். கிருமி ஏறிய பேஸை அப்படி மீட்க முடியாது. கிருமி செத்தாலும் அது விட்டுப்போனது அங்கேயே இருக்கும், உடைந்த எமல்ஷனும் மறுபடி ஒன்று சேராது. அந்த பேட்சில் விற்ற பாட்டில்கள் எவை என்று பார்த்து, வாங்கியவர்களுக்குச் சொல்லித் திரும்ப எடுங்கள். லேபிளில் இருப்பது உங்கள் பெயர். இனி வாங்கும்போது, திறந்த கேனில் கோளாறு தெரிந்தால் இத்தனை நாளுக்குள் திரும்ப எடுப்போம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேன் திறப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள், பேட்ச் நம்பர் தெரியட்டும். ஒவ்வொரு பேட்சிலும் எதுவும் கலக்காத 100 கிராமை, தேதியும் நம்பரும் எழுதி மூடி, அந்த பேட்சில் செய்த கடைசி பாட்டிலின் காலாவதி தேதி வரை எடுத்து வையுங்கள்.