ஊட்டிக் கல்லூரியா, ஆன்லைனா: இரண்டிலும் படித்த அனுபவம்

சித்தி மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் கணிதத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. கோத்தகிரியைத் தாண்டியிருக்கும் எங்கள் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். "அக்கா, பேசாம வீட்டிலிருந்தே ஆன்லைன்ல டிகிரி படிச்சிட்டா என்ன?" என்று கேட்கிறாள். நான் மூன்று வருடம் கல்லூரிக்குப் போய்ப் படித்தவள். பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டே மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில், ஐஐடி பேராசிரியர்கள் வீடியோவில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் படித்தேன், இன்னும் படிக்கிறேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மலையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.

ஆன்லைன் பட்டம் செல்லுமா என்ற பயம் வேண்டாம். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தரும் ஆன்லைன் பட்டம், நேரில் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2022-லேயே அறிவித்துவிட்டார்கள்.

பாடம் நடத்துவதைப் பொறுத்தவரை ஆன்லைன் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. கல்லூரியில் நிகழ்தகவு பாடத்தில் ஒன்று நடந்தது தெரிந்தால் இன்னொன்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் பேயஸ் தேற்றத்தை வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்து எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். அந்தச் சூத்திரத்தில் வரும் வகுத்தல் எதற்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. வீடியோவில் பேராசிரியர் எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் சொன்னார்: ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, நடக்கச் சாத்தியமுள்ளவற்றின் மொத்தமே சுருங்கிவிடுகிறது, அந்தச் சுருங்கிய மொத்தத்தால்தான் வகுக்கிறோம். எத்தனை நாள் கட்டி வைத்திருந்த முடிச்சு அவிழ்ந்தது! நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம், வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம். பல பாடங்களுக்கு, பேசியது அத்தனையும் தமிழில் எழுத்தாகவே கிடைக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் "புரியலை மேடம்" என்று எழுந்து சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

மார்க் போடும் முறையும் மலைக்கு ஒத்துவருகிறது. 12 வாரப் பாடம் என்றால் வாரம் ஓர் அசைன்மென்ட், பெரும்பாலும் புதன் இரவு 11.59-க்குள் அனுப்ப வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் காற்றுக்கு மரம் சாய்ந்து கரண்ட் போகும், கூடவே டவரும் போகும். ஆனால் 12-ல் நன்றாகச் செய்த 8-ஐ மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். ஓரிரு வாரம் தவறினாலும் பாதகமில்லை. இந்த விதியை வகுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இவ்வளவு யோசித்தவர்கள் தேர்வை ஏன் யோசிக்கவில்லை? அசைன்மென்டுக்கு 25, மீதி 75 தேர்வுக்கு. பாடம் இலவசம், தேர்வுக்கு 1000 ரூபாய் கட்டி மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். எனக்கு அமைந்தது கோயம்புத்தூர். ஊரைத்தான் நாம் தேர்ந்தெடுக்கலாம், எந்தக் கல்லூரி என்பது ஹால்டிக்கெட் வந்தால்தான் தெரியும். எனக்கு வந்தது ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரி.

ஜூலையில் தொடங்கும் 12 வாரப் பாடத்துக்குத் தேர்வு அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும். குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பயமுறுத்தும் மழை. 2009-ல் நிலச்சரிவில் அத்தனை பேர் போனதும் நவம்பரில்தான். குன்னூர் சாலையில் மண் சரிந்தால் வண்டிகளையெல்லாம் கோத்தகிரி சாலைக்குத் திருப்பிவிடுவார்கள், இரண்டுமே நகராது. காலை 9 மணித் தேர்வுக்கு இருட்டிலேயே கிளம்பி, மூடுபனியில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவைக்கு ஒரு பஸ், மையத்துக்கு இன்னொரு பஸ். துணைக்கு வந்த அப்பாவுக்கு அன்றைய கூலி போச்சு. கல்லூரி நாட்களில் மழை பலத்தால் கலெக்டர் விடுமுறை விடுவார், எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் வகுப்பு இருக்காது. கீழே வெயிலடிக்கும் மையத்துக்கு அந்த விடுமுறை பொருந்தாது. வர முடியாதவர் ஆப்சென்ட், அவ்வளவுதான்.

நேரில் தேர்வு வைப்பதால்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊட்டியிலும் குன்னூரிலும் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. கீழே இருக்கிறவர்களுக்கு டவுன் பஸ் தூரத்தில் கிடைப்பது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மலையிறங்கினால்தான் கிடைக்க வேண்டும்? ஒவ்வொரு முறை பதிவு செய்யும்போதும் இந்தக் கேள்வி என் வயிற்றைப் பிசைகிறது.

ஆக, ஆன்லைனில்தான் எனக்குப் பாடம் நன்றாகப் புரிந்தது. இருந்தும் தங்கச்சியை நான் கல்லூரிக்குத்தான் போகச் சொல்கிறேன். ஒரு பாடத்துக்கே இந்தப் பாடு, முழு டிகிரிக்கும் மையம் கீழே விழுந்தால் அவளால் முடியாது. ஊட்டிக் கல்லூரியில் அவள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே தேர்வும் நடக்கும். அப்புறம், ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தால் அது கிடையாது. பஸ்ஸில் போகும் நேரம் வீண்தான், மழைக்காலத்தில் நனைந்த துணியோடு வகுப்பில் உட்கார வேண்டியும் வரும். பரவாயில்லை, போகட்டும்.

வீடியோப் பாடங்களை விடவும் வேண்டாம். ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை பாடங்களை ஸ்வயத்தில் படித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள யூஜிசி விதி இடம் தருகிறது, பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்ந்ததும் துறைத் தலைவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். எடுத்தால் ஜனவரியில் தொடங்கும் பாடமாக எடுக்கட்டும். தேர்வு ஏப்ரலில் வரும், மண் சரியாது. ஆனால் சனி, ஞாயிறு என்றால் சீசனுக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்குள் மாட்டிக்கொண்டு வீடு வர இரவாகும், சித்தியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.