ஆறு மாதம், 16 வீடு, ஒரு கைக்குழந்தை: கொண்டுபோனதில் எது உழைத்தது?

பாப்பாவுக்கு 5 மாதம் முடிந்த வாரத்தில், மிஷனெரிகளாக நாங்கள் ஊழியம் செய்யும் பணித்தளத்தை விட்டுக் கிளம்பினோம். திரும்பி வந்தபோது அவளுக்கு 11 மாதம். நடுவில் 9 விமானங்கள், 16 வீடுகள். என் அண்ணன் வீடு, அத்தை (இவருடைய அம்மா) வீடு, நாத்தனார் வீடு மூன்றும் சொந்தம். மூன்றும் மூன்று நாட்டில். மற்றதெல்லாம் எங்கள் ஊழியத்தைத் தாங்குகிற சபைகளின் விசுவாசிகள் தங்க இடம் கொடுத்த வீடுகள். இதற்கு விடுப்பு என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை ஒரு சபையில் ஊழிய அறிக்கை, வாரநாளில் ஒன்றிரண்டு ஜெபக்கூட்டம், அதற்கு நடுவே சொந்தக்காரர்களைப் பார்ப்பது என்று ஆறு மாதமும் ஓடியது.

கிளம்பும் முன் எங்களிடம் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "விமானத்தில் குழந்தையை எப்படிச் சமாளிப்பீர்கள்?" நாங்களும் அதற்குப் பயந்தே பொருள்களை வாங்கினோம். தப்புக் கணக்கு. ஆறு மாதத்தில் விமானத்துக்குள் இருந்த நேரத்தைக் கூட்டினால் மூன்று நாள்கூட வராது. எங்களைப் படுத்தியெடுத்தது வீடு மாறியதுதான். திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. எந்தப் பொருள் காசுக்கு உழைத்தது, எது சுமையாகவே போய்ச் சுமையாகவே திரும்பியது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும்.

விமானத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முன்வரிசைத் தடுப்புச் சுவரில் மாட்டித் தருகிற தொட்டிலை டிக்கெட் எடுத்த அன்றே கேட்டு வைத்தோம். அதன் எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலவற்றில் 10 அல்லது 11 கிலோ, சிலவற்றில் அதற்கு மேலும் உண்டு. நீளத்துக்கும் வரம்பு உண்டு என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. போகும்போது 7 கிலோ பாப்பா அதில் அருமையாகத் தூங்கினாள், சீட் பெல்ட் விளக்கு எரிகிறவரை. விமானம் குலுங்கி விளக்கு எரிந்தால் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே இரவில் நான்கு முறை தூக்கினோம். திரும்பும்போது அவள் எடை 9 கிலோதான். ஆனால் கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஆக, அந்தத் தொட்டில் கிடைத்தால் நல்லது. அதை நம்பி இரவுத் தூக்கத்துக்குக் கணக்குப் போட வேண்டாம்.

காது அடைப்பு பற்றி ஒரு வார்த்தை. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். கீழே இறங்கும்போது அது கூடிக்கொண்டே வரும். நமக்கு எச்சில் விழுங்கினால் காது திறந்துவிடும், குழந்தைக்கு அது தெரியாது. அதனால் இறங்கும்போது பால் கொடுப்பார்கள். முதல் பயணத்தில் சக்கரம் தரையைத் தொடப்போகிற சமயத்தில்தான் நான் பால் கொடுத்தேன். அதற்கு முந்தைய அரைமணி நேரம் முழுக்க அவள் அழுது தீர்த்துவிட்டாள். விமானம் தாழத் தொடங்கும்போதே கொடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

சரி, இனி பொருள்கள்.

நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பேபி கேரியர். வாங்கியதிலேயே சின்ன விலை இதற்குத்தான். பத்துக்குப் பத்து கொடுப்பேன். நான் பார்த்து வாங்கியது இரண்டு விஷயம்: குழந்தையின் முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே இருக்கும்படி தொடை முழுவதையும் துணி தாங்க வேண்டும், தாடை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சை அடைக்காமல் முகம் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க முடிகிற உயரம் என்பார்கள், சரியான அளவு அது. விமான நிலையச் சோதனையில் சில இடங்களில் கழற்றச் சொன்னார்கள், சில இடங்களில் அப்படியே விட்டார்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதில் வைத்திருக்க எங்களை விடவில்லை. ஆனால் இது உண்மையில் உழைத்தது சபைகளில். இவர் முன்னால் நின்று படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார். நான் கடைசி வரிசையில் பாப்பாவைக் கட்டிக்கொண்டு ஆடியபடி நிற்பேன். அவள் தூங்கிவிட்டால் இரண்டு கையும் விடுதலை. ஆராதனை முடிந்து நூறு பேருக்குக் கைகொடுக்க வேண்டியிருக்கும் அல்லவா? நெஞ்சோடு கட்டியிருக்கிற குழந்தையை யாரும் "கொடும்மா, நான் வைத்துக்கொள்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போய்விடவும் முடியாது. இந்தப் பயனை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

தள்ளுவண்டி வேண்டாத வேலை. விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் ஒப்படைக்கலாம் என்பது வசதியாகத்தான் தெரிந்தது. மூன்றாவது பயணத்திலேயே முன்சக்கரம் ஒன்று வளைந்து வந்து சேர்ந்தது. அதன் பிறகு அதில் பாப்பா உட்கார்ந்ததைவிட எங்கள் பைகள் உட்கார்ந்ததுதான் அதிகம்.

அடுத்தது மடக்குத் தொட்டில். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களை ஆறு மாதம் காப்பாற்றியது இதுதான். கிட்டத்தட்ட 6 கிலோ. வலைப் பக்கங்கள், அடியில் மெல்லிய மெத்தை, பக்கவாட்டில் ஸிப். முதல்முறை விரிக்க 20 நிமிடம் ஆனது. மூன்றாவது மாதத்தில் இவர் இருட்டிலேயே இரண்டு நிமிடத்தில் விரித்துவிடுவார். 16 வீட்டில் 16 விதமான அறை கிடைத்தது. ஒரு வீட்டில் புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, இன்னொரு வீட்டில் துணி துவைக்கும் அறையில். அறை எப்படி மாறினாலும் பாப்பா கண் திறந்தால் தெரிவது அதே வலைதான்.

அந்தத் தொட்டிலைப் பார்த்து முகம் சுளிக்காத வீடே கிடையாது. அத்தை மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார்கள். "என்னம்மா இது, பலகை மாதிரி இருக்கு. பிள்ளைக்கு முதுகு வலிக்காதா?" என்றார்கள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அடியில் ஒரு மெத்தையும் தலைமாட்டில் ஒரு குட்டித் தலையணையும் வந்திருந்தன. ஒரு வயதுக்குள் குழந்தை மல்லாந்து, கெட்டியான தட்டையான பரப்பில், தலையணை போர்வை எதுவும் இல்லாமல் தூங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அத்தைக்கு அது, மருமகள் பிள்ளைக்கு வசதி செய்துதரவில்லை என்பதுபோலத் தெரிந்தது. இரண்டு நாள் வாய்ச்சண்டை இல்லாத மௌனம். கடைசியில் இவர்தான், "பிள்ளை குப்புற விழுந்தால் மெத்தை மூக்கை அடைத்துவிடும் அம்மா, அதனால்தான் கெட்டியாக வைத்திருக்கிறது" என்றார். அத்தை உடனே மெத்தையையும் தலையணையையும் எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு விதி என்று நான் சொன்னபோது எடுபடாதது, காரணத்தைச் சொன்னதும் எடுபட்டது. அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே காரணத்தைச் சொல்லிவிடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. நான்காவது மாதம் ஸிப் பிளந்தது. ஊக்கு குத்திச் சமாளிக்கலாம் என்று தோன்றும், கூடாது. இவர் கெட்டி நூலால் அந்தப் பக்கத்தை நிரந்தரமாகத் தைத்துவிட்டார். 10 மாதத்தில் பாப்பா விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றபோது தொட்டில் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அதனால் அதைச் சுவர் மூலையில் ஒட்டிப் போட வேண்டியிருந்தது. அடுத்ததாக யாராவது வாங்கினால் எடை 2 கிலோ கூடினாலும் பரவாயில்லை, அடிப்பாகம் அகலமானதாகப் பாருங்கள்.

இதோடு சேர்த்து, செலவே இல்லாத ஒன்று. வீட்டில் அவள் தூங்கிய மெத்தைக்கு மாட்டும் விரிப்பு இரண்டைத் துவைக்காமல் எடுத்துப் போனேன். மெத்தையில் இழுத்து மாட்டிவிட்டால் சுருக்கமே விழாத வகை. புது வீட்டின் முதல் இரவில் பழைய விரிப்பு, மறுநாள் துவைத்தது. வாசனையோ என்னவோ, அதில் படுத்தால் பத்து நிமிடத்தில் தூங்குவாள். புது விரிப்பைப் போட்டுப் பார்த்த ஒரு வீட்டில் இரவு 2 மணிவரை ஆராதனைதான்.

நேர மாற்றத்துக்குப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, காலை வெளிச்சத்தில் வெளியே தூக்கிப்போனாலே போதும். நாங்கள் செய்த பிழை, வந்திறங்கிய மூன்றாம் நாளே சபைக்கு ஒப்புக்கொண்டது. அறிக்கை வாசித்தபடியே இவர் ஒரு வாக்கியத்தை இரண்டு முறை படித்தார். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நம்புகிறோம்.

கார் இருக்கையை நாங்கள் கொண்டுபோகவில்லை. அது நல்லதாகப் போயிற்று. ஐரோப்பியத் தரமுத்திரை உள்ள இருக்கை அமெரிக்காவில் சட்டப்படி செல்லாது, அமெரிக்க இருக்கை ஐரோப்பாவில் செல்லாது. அந்தந்த நாட்டில் சொந்தக்காரர்களிடம் முன்னதாகவே கேட்டு வைத்தோம். இரவல் இருக்கை என்றால் இரண்டு கேள்வி கூசாமல் கேட்க வேண்டும்: விபத்தில் சிக்கியதா, அடியில் அச்சிட்ட காலாவதித் தேதி தாண்டிவிட்டதா? அண்ணன் பரணிலிருந்து இறக்கித் தந்தது தாண்டிவிட்டிருந்தது. அவனுக்கு வருத்தம், ஆனாலும் வேறொன்று வாங்கி வந்தான். அப்புறம், "முகம் பின்னாடி பார்த்து உட்கார்ந்தால் பிள்ளைக்கு வெளியே என்ன தெரியும்?" என்று ஒவ்வொரு காரிலும் ஒருவர் கேட்டார். ஐ-சைஸ் எனப்படும் ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 15 மாதம்வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். இந்த வயதில் தலை கனம், கழுத்து மெலிவு. மோதினால் முதுகு முழுவதும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

பால் சூடாக்கும் மின்கருவி ஒன்று கொண்டுபோனேன். சிரிப்புதான். அது 220–240 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. 120 வோல்ட் உள்ள நாட்டில் அடாப்டர் மாட்டினால் பிளக் பொருந்தும், சூடு வராது. மின்னழுத்தம் பாதியானால் சக்தி கால்வாசிக்கு இறங்கிவிடும். பால் வெதுவெதுப்பாவதற்குள் பாப்பா அழுது களைத்துத் தூங்கிவிட்டாள். பால் எடுக்கும் பம்பின் அடாப்டரில் 100–240 என்று போட்டிருந்தது, அது எங்கேயும் ஓடியது. எடுத்த தாய்ப்பால் அறைச் சூட்டில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் தாங்கும் என்பதை ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டினேன், யாரும் வழித்துக் கொட்டிவிடக் கூடாதே என்று.

தடுப்பூசி அட்டையின் அசலும் படமும் இரண்டும் வேண்டும். பாப்பாவின் தோளில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியின் தழும்பைப் பார்த்து ஒரு மருத்துவர் இது என்ன புண் என்று கேட்டார். அது எல்லாக் குழந்தைகளுக்கும் போடுகிற வழக்கம் இல்லாத நாடுகள் உண்டு. அட்டையைக் காட்டியதும் விஷயம் முடிந்தது. இவர் ஒரு வாரம் முன்னால் கிளம்பிப்போய் நான் மட்டும் பாப்பாவோடு எல்லை கடந்தபோது, அப்பாவின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். கையில் இருந்தது. இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விருப்பமில்லை. பாஸ்போர்ட்டில் இருந்த 2 மாத முகத்துக்கும் 11 மாத முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

எந்தப் பொருளாலும் சரிசெய்ய முடியாத ஒன்றும் இருந்தது. 5 மாதத்தில் பாப்பா யார் கைக்கும் போவாள். அத்தை வீட்டில் முதல் இரண்டு வாரம் அத்தை மடியிலேயே கிடந்தாள். மூன்று மாதம் கழித்து அங்கே திரும்பி வந்தபோது அவளுக்கு 8 மாதம் தாண்டியிருந்தது. அத்தை கை நீட்டியதும் வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் அறிமுகமில்லாத முகத்துக்கு அழும்; பழகிய முகத்தையும் பழகாத முகத்தையும் பிரித்தறிகிற வளர்ச்சி அது. தெரிந்தாலும் என்ன, அத்தை அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து நான் பாப்பாவைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளை விளையாட விட்டேன். நாலாம் நாள் அவளே தவழ்ந்து அத்தை மடியில் ஏறினாள். திரும்பவும் செய்ய நேர்ந்தால், சபைகளை முதலில் முடித்துவிட்டு அத்தை வீட்டில் ஒரே தடவையாக நீளமாகத் தங்குவேன். இரண்டு தடவையாகப் பிரித்தது எங்கள் பிழை.

கப்பல் காலத்து மிஷனெரிகளை நினைத்துக்கொள்வேன். வில்லியம் கேரி 1793 ஜூனில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அவருடைய அப்போதைய கடைக்குட்டி மகன் பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. ஐந்து மாதப் பயணம். அவர் மனைவி டோரத்தி முதலில் வர மறுத்தார். தன் தங்கையும் கூட வந்தால்தான் வருவேன் என்று சொல்லித்தான் கிளம்பினார். கேரி 1834இல் இறக்கும்வரை ஊர் திரும்பவேயில்லை. டோரத்தி கேட்ட அந்த ஒரு பொருள், அதாவது இன்னொரு ஆள், எந்தத் தொட்டிலைவிடவும் பெறுமானம் உள்ளது. நாத்தனார் ஒரு வாரம் எங்களோடு சபைகளுக்கு வந்தபோதுதான் நான் முழுப் பிரசங்கம் ஒன்றைக் கேட்டேன்.

பரிசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சபைகளில் அன்போடு துணி தருவார்கள், பெரும்பாலும் அன்றைக்குச் சரியான அளவில். இரண்டு மாதத்தில் பத்தாது. கடைசி விமானத்தில் பெட்டி எடை வரம்பைத் தாண்டியது. இதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, வாங்கியவுடன் அந்தத் துணியில் பாப்பாவை ஒரு படம் எடுத்துக் கொடுத்தவருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வீட்டில் இருக்கிற குழந்தைக்குக் கொடுத்துவிடுவது. படம் அவர்களுக்கு மட்டும். ஊழியத்தின் பெயரோடு குழந்தை முகத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்று ஒவ்வொரு சபையிலும் கேட்டுக்கொண்டோம்.

தொட்டில் இப்போது என்னிடம் இல்லை. போன வாரம் புது ஸிப் தைத்துப் பக்கத்துப் பணித்தளக் குடும்பத்துக்குக் கொடுத்தேன். அவர்கள் 7 மாதப் பையனோடு அடுத்த மாதம் கிளம்புகிறார்கள், ஐந்து மாதத்துக்கு. விரிப்பு, சம்மதக் கடிதம், அட்டையின் படம் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தத் தங்கை பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "அதெல்லாம் சரி அக்கா, விமானத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?"