எச்சில் பரிசோதனையில் பிபி ஆபத்து மதிப்பெண்: வாங்கலாமா?

எச்சிலில் உள்ள மரபணுக்களைப் பார்த்து, உயர் ரத்த அழுத்தம் (பிபி) வரும் வாய்ப்பை மதிப்பெண்ணாகச் சொல்லும் பரிசோதனை இது. கிட் வீட்டுக்கே வரும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்துவிட்டு, குழாயில் கோடு வரை எச்சில் நிரப்ப வேண்டும்; நுரை கணக்கில் சேராது. அதெல்லாம் சுலபம்தான்.

ரிப்போர்ட்டில் எனக்கு உயர் ரத்த அழுத்தம் வர "சராசரியைவிட அதிக வாய்ப்பு" என்று வந்தது. அப்பாவுக்கும் அத்தைக்கும் பிபி உண்டு என்பதால் ஆச்சரியமில்லை. ஆனால் யாருடைய சராசரி என்று எங்கும் போடவில்லை. என் பெரிய குறையே இதுதான். 2018-இல் 10 லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்து நடந்த ரத்த அழுத்த மரபணு ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அப்படிப்பட்ட தரவில் உருவான மதிப்பெண் நம்மவர்களுக்கு அதே துல்லியத்தோடு பொருந்தாது. அப்புறம், ஒவ்வொரு மரபணு மாற்றமும் அழுத்தத்தைத் துளிதான் ஏற்றும். நூற்றுக்கணக்கில் கூட்டித்தான் மதிப்பெண் வருகிறது. உப்பு, எடை, தூக்கம் எதுவும் அதில் இல்லை.

என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்கு மேல்கையில் கட்டும் நல்ல பிபி மிஷின் ஒன்று வாங்குங்கள். "குறைந்த வாய்ப்பு" என்று வந்தவர்கள் பிபி பார்ப்பதையே விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.