ஃபுல் ரேஞ்சா, லிமிடெட் ரேஞ்சா?

எச்டிஎம்ஐ கேபிளில் கம்ப்யூட்டரை மாட்டியதும் கறுப்பு எல்லாம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறித் தெரிகிறதா? மானிட்டரைக் குறை சொல்வதற்கு முன், கிராபிக்ஸ் கார்டு அனுப்பும் நிற வரம்பைப் பாருங்கள்.

வெளிச்ச அளவை எண்ணாகச் சொல்லும் இந்த வரம்பு இரண்டு வகை. ஃபுல் ரேஞ்சில் கறுப்பு 0, வெள்ளை 255. லிமிடெட்டில் கறுப்பு 16, வெள்ளை 235. இந்த லிமிடெட் டிவி உலகத்துக் கணக்கு. எச்டிஎம்ஐயில் மானிட்டரையே டிவி என்று நினைத்துக்கொண்டு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) லிமிடெட்டுக்குப் போய்விடுவது உண்டு. ஃபுல்லை எதிர்பார்க்கும் மானிட்டர் அந்த 16-ஐ அடர்சாம்பலாகவே காட்டும்.

தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். லிமிடெட்டை எதிர்பார்க்கும் டிவிக்கு ஃபுல் அனுப்பினால் 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். இருட்டுக் காட்சியில் கறுப்புச் சட்டையின் மடிப்புகூடத் தெரியாது.

இதை மாற்ற, என்விடியா கார்டு என்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பக்கத்திலேயே 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' இருக்கிறது. ஏஎம்டி கார்டில் 'பிக்சல் ஃபார்மேட்' என்று தேடுங்கள்.

மானிட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபுல்தான். டிவி என்றால் அதன் பிளாக் லெவல் (எந்த எண்ணைக் கறுப்பாக எடுத்துக்கொள்வது என்ற) அமைப்பும் கார்டின் அமைப்பும் ஒத்துப்போக வேண்டும். படம் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் இரண்டு பக்கமும் லிமிடெட் வைத்தாலும் சரி. கேமும் ஆடுவீர்கள் என்றால் இரண்டையும் ஃபுல்லுக்கு மாற்றிவிடுங்கள்.