செக்காலை ரோட்டு மருந்துக்கடையும் நான் மென்ற நிக்கோட்டினும்

காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன மருந்துக்கடைக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். பெயர் போடவில்லை. போட்டால் "எவ்வளவு வாங்கினீங்க அண்ணே" என்று கேட்பார்கள். எதிரே ஒரு பெட்டிக்கடை உண்டு, இருபத்திரண்டு வருஷம் நான் சிகரெட் வாங்கிய இடம். அதுதான் அடையாளம்.

எனக்குப் பழைய சாமான் வியாபாரம். இடிக்கிற வீட்டுத் தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் தூசி தட்டியே பொழுது போகும். ஆள் வராத மத்தியானத்தில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். நிறுத்தலாம் என்று நினைத்த முதல் தடவை வேறொரு கடையில்தான் சிகரெட் ஆசையை அடக்கும் நிக்கோட்டின் சூயிங்கம் கேட்டேன். போனில் பேசிக்கொண்டே ஒரு அட்டையைத் தூக்கிப் போட்டார்கள். 4 மில்லிகிராம். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். நானும் பபிள்கம் மாதிரி கடகடவென்று மென்றேன். தொண்டை எரிச்சல், அரை மணி நேரம் விக்கல். மீதி அட்டை கல்லாப்பெட்டியில் கிடந்தது, நான் பெட்டிக்கடைக்குத் திரும்பிப் போனேன்.

செக்காலை ரோட்டுக் கடையில் பார்மசிஸ்ட் ஒரு தங்கச்சி. நான் கேட்டதும் எடுத்துக் கொடுக்கவில்லை. "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட் அண்ணே?" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை, நெஞ்சுவலி வந்ததுண்டா, பிரஷர் மாத்திரை உண்டா, எல்லாம் கேட்டார். எழுந்து ஒரு மணி நேரமாவது ஆகும், நாளைக்கு எட்டு என்றேன். அப்படியானால் 2 மில்லிகிராம் போதும், அதற்குச் சீட்டும் தேவையில்லை என்றார்.

பிறகு மெல்லச் சொல்லிக்கொடுத்தார். நாலைந்து கடி, நாக்கில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி இரண்டு கடி. இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டுமாம், விழுங்கினால் விக்கல்தான். காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக ஏறாது. எனக்கு ஆயா (பாட்டி) ஞாபகம் வந்தது. வெற்றிலையோடு ஒரு துணுக்குப் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் எங்கள் வீட்டு வரவுசெலவு முழுவதையும் பார்த்தாள். ஒதுக்குகிற வித்தை ரத்தத்திலேயே இருக்கிறது போல, இரண்டே நாளில் பிடிபட்டது. மூன்று மாதம் மென்றேன். நிறுத்திப் பதினான்கு மாதம் ஆகிறது.

இப்போது இதை எழுத வைத்தவன் எங்கள் ஆச்சி மகன், அதாவது அக்கா மகன். மெல்போர்னில் வேலை. அவன் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) கானாடுகாத்தான் வீட்டில் சாந்திக் கல்யாணம் என்கிற அறுபதாம் கல்யாணம், அதற்காக வந்தான். சிங்கப்பூர் வழியாகத் திருச்சி. சிங்கப்பூரில் வேப் (மின்சிகரெட்) வைத்திருந்தாலே குற்றம் என்பதால் கிளம்பும்போதே குப்பையில் போட்டுவிட்டானாம். இரண்டாம் நாள் முகப்பில் உட்கார முடியாமல் வளவுக்கும் வாசலுக்குமாக நடந்தான். "அம்மான், இங்க மெடிக்கல்ல வேப் கிடைக்குமா?" என்று காதில் கேட்டான். சிரிப்பு வந்தாலும் கூட்டிப் போனேன்.

தங்கச்சி அசரவில்லை. தமிழ்நாட்டில் 2018லேயே தடை, 2019ல் நாடு முழுக்கத் தடை, விற்றால் முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம் என்று சொல்லிவிட்டு, என்னிடம் கேட்ட அதே கேள்விகளை அவனிடமும் கேட்டார்.

திரும்பும் வழியில் அவன் தன் ஊர்க் கதையைச் சொன்னான். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து வேப் மருந்துக்கடையில் மட்டும்தான். அக்டோபரிலிருந்து பல மாநிலங்களில் பதினெட்டு வயது தாண்டியவர்களுக்குச் சீட்டுகூட வேண்டாம், பார்மசிஸ்ட் பேசிப் பார்த்துக் கொடுக்கலாம். அப்படிச் சீட்டில்லாமல் வாங்கினால் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின்தான் உச்சம். புதினா, மென்தால், புகையிலை தவிர வேறு வாசனை கிடையாது. ஆனால் மருந்தாகப் பதிவாகாத சாமானை எங்கள் தலையில் கட்டாதே என்று அங்குள்ள மருந்துக்கடைக்காரர்களே எதிர்த்தார்கள். "நீ எங்கே வாங்குறே?" என்றேன். சிகரெட் கடையில், மேசைக்கு அடியிலிருந்து, மாம்பழ வாசனையில். சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்க, இவன் கொல்லைப்புறமாகப் போயிருக்கிறான்!

மருந்துக்கடையில் வேப் விற்கலாமா என்று என்னைக் கேட்டால், சாமானைவிட அதைக் கொடுக்கிற ஆளைத்தான் பார்ப்பேன். சூயிங்கம், ஒட்டுப்பட்டை மாதிரி நிக்கோட்டின் மருந்துகளைவிட நிக்கோட்டின் வேப்பினால் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்று, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. பிரிட்டனில் அரசு மருத்துவத் துறையே அதை ஒரு வழியாகச் சொல்கிறது. என் எதிர்க்கடை அண்ணன் சூயிங்கம்மில் மூன்று தடவை தோற்றவர். அவருக்கு அது உதவியிருக்குமோ என்னவோ, மறுக்க மாட்டேன். இந்தத் தங்கச்சி நிற்கிற மேசையில் வைத்தால் எனக்குப் பயமில்லை. ஆனால் பார்மசிஸ்ட் சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் தொங்க, ஆள் எங்கோ இருக்கிற கடைகள் எத்தனை! சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் கிழித்துக் கொடுக்கிறவன், யூனிபாரத்தோடு வரும் பையனிடம் வயசு கேட்பானா? நம்ம பக்கம் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. பெட்டிக்கடையில் சிகரெட் தாராளமாகத் தொங்குகிறதே என்று ஆச்சி மகன் மடக்கினான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன்? தங்கச்சி மதியம் சாப்பிடப் போய்விட்டால் கல்லாவில் ஒரு பையன்தான், அவனிடம் எதையும் கேட்டுப் பிரயோசனமில்லை. இடம் குறுகல், நாம் ரகசியமாகச் சொல்வது பின்னால் நிற்பவர் காதில் விழும். கார்டு வாங்க மாட்டார்கள், ஜிபே உண்டு. அட்டைக்குப் பத்து சூயிங்கம், ஒரு பாக்கெட் சிகரெட் காசுக்குள் முடிந்துவிடும். காலை பதினோரு மணிவாக்கில் போங்கள், கூட்டம் இருக்காது. கடைக்குப் போகக் கூச்சமாக இருந்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும்.

ஆச்சி மகன் கிளம்புகிற அன்று திருச்சி போகிற வழியில் காரை நிறுத்தச் சொல்லி இரண்டு அட்டை வாங்கிக்கொண்டான். கையில் பில்டர் காபி டம்ளர் இருந்தது. தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல அதைக் குடிச்சு முடிங்க தம்பி, அப்புறம் கால் மணி நேரம்" என்றார்.