ரயிலைத் தனியாருக்குக் கொடுப்பது: ஜப்பான் வழியா, பிரிட்டன் வழியா?

இரண்டு நாடுகளும் அரசு ரயில்வேயை உடைத்தன; உடைத்த விதம்தான் வேறு. ஜப்பான் 1987-இல் பயணிகள் சேவையை வட்டாரவாரியாக ஆறு நிறுவனங்களாகப் பிரித்தது. தண்டவாளம், வண்டி, நிலையக் கடைகள் எல்லாம் ஒரே கையில். கூட்டம் கூடினால் கடை வாடகையும் ஏறும் என்பதால் பாதையைப் பராமரிக்க அவர்களுக்கே அக்கறை வரும். இதுதான் புத்திசாலித்தனம் என்பேன், ஆனால் டோக்கியோ போன்ற நெரிசல் வேண்டும். மக்கள் குறைவாக வாழும் வடக்குத் தீவு ஹொக்கைடோவின் நிறுவனம் இன்றும் அரசிடம்தான் இருக்கிறது. அரசு ரயில்வேயின் பழைய கடனில் பெரும்பகுதியும் மக்கள் தலையில்தான் விழுந்தது.

பிரிட்டனோ 1993 சட்டத்தின் வழியே தண்டவாளத்தை ஒருவரிடமும் வண்டிகளைப் பலரிடமும் கொடுத்தது. 2000-இல் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்டிருந்த தண்டவாளம் நொறுங்கி நான்கு பேர் இறந்தார்கள். மறு ஆண்டே தண்டவாள நிறுவனம் ரயில்ட்ராக் நொடித்துப்போனது. இப்போது ஒப்பந்தம் முடிய முடிய, வண்டி ஓட்டும் வேலையையும் அரசே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது.