கேப் போட்ட பிறகும் பல் வலி: எங்கள் ஏரியா பல் கிளினிக் பற்றி

கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் முடித்து ஜிர்கோனியா கேப் (பல் நிறத்தில் இருக்கும் பீங்கான் மாதிரி உறை) போட்டுக்கொண்டேன். வேலை சுத்தம், நிறமும் பக்கத்துப் பல்லோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஆனால் வாயை மூடினால் அந்த ஒரு பல் மட்டும் முதலில் இடிக்கிறது, இட்லி மெல்லும்போதுகூட சுருக்கென்று வலி. போன் செய்தால் ரிசப்ஷனில் ‘புதுசுன்னா அப்படித்தான் சார் இருக்கும், மாத்திரை போடுங்க’ என்று சொல்லி வைத்துவிட்டார்கள். டாக்டருக்கு லைனே கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், இந்த இடத்தின் பெரிய மைனஸ் இதுதான்.

சரி என்று நேரில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் கார்பன் தாள் மாதிரி மெல்லிசாக ஒன்றைப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடிக்கச் சொன்னார், பார்த்தால் கேப்பின் ஒரு மூலையில் மட்டும் திட்டாக நீல மை. அந்த இடத்தை லேசாகத் தேய்த்து, மறுபடி கடிக்கவிட்டு, மறுபடி தேய்த்து, பாலிஷ் போட்டு அனுப்பினார், இதற்குக் காசும் வாங்கவில்லை. வலி படிப்படியாக இறங்கிவிட்டது.

ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பை எடுத்துவிடுகிறார்கள்தான், ஆனால் வேரைச் சுற்றியுள்ள தசைநாருக்கு உணர்வு உண்டு, கேப் ஒரு துளி உயரமாக இருந்தாலும் அது அடிவாங்கி வலிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். நரம்பு உயிரோடு இருக்கும் பல்லில் கேப் போட்டவர்களுக்குக் கொஞ்ச நாள் கூச்சம் இருப்பது சகஜமாம், ஆனால் ராத்திரியில் தானாகத் துடித்தாலோ ஈறு வீங்கினாலோ காத்திருக்காமல் வந்து எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம்.

டாக்டருக்காகப் போகலாம், போனை நம்பாதீர்கள். அப்புறம், முதல் மாடி, லிஃப்ட் கிடையாது.